எம்எக்ஸ்-5: ஆடிய கியர் லிவரும் நொறுங்கிய நைலான் கிண்ணமும்

எஞ்சின் 3000 சுற்றைத் தாண்டியதும் சத்தம் தொடங்கிவிடும். வெறும் பால்மாப் பேணிக்குள் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல இருக்கும். கியர் லிவரில் உள்ளங்கையை வைத்தால் நின்றுவிடும், எடுத்தால் மறுபடி தொடங்கும். போன இலையுதிர்காலம் முழுக்க வலது கையை அதன்மேல் வைத்தபடியேதான் ஓடினேன். சத்தத்தைக்கூடப் பொறுத்திருக்கலாம். மூன்றாம் கியரில் போட்ட பிறகும் லிவர் இடமும் வலமும் தாராளமாக ஆடியதைத்தான் பொறுக்க முடியவில்லை. கியர் விழுந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியாமல், கிளச்சை விட்ட பிறகே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கார் 1991ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5. இங்கே கனடாவில் மியாட்டா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1.6 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர், 2,12,000 கிலோமீற்றர் ஓடியது. ஸ்காபரோவில் தெருவில் உப்புப் போடத் தொடங்கும் நவம்பரில் அதைக் கராஜுக்குள் விட்டுப் போர்த்தி மூடிவிடுவேன். ஏப்ரலில் மழை பெய்து உப்பெல்லாம் கழுவுப்பட்ட பிறகுதான் வெளியே எடுப்பேன். ஆகவே எல்லாத் திருத்த வேலையும் மார்ச் மாதத்துக் குளிரில்தான்.

இந்தக் காரில் கியர் லிவர் ஆடுவது மற்றக் கார்களில் ஆடுவதுபோல அல்ல. 1989 பெப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் இதை முதன்முதலாகக் காட்டியபோது பெரிய குதிரைவலு எதையும் அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. தலைமைப் பொறியாளர் தொஷிஹிகோ ஹிராயின் குழு பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு எண்ணத்தை. ஜப்பானிய மொழியில் அதை ‘ஜின்பா இத்தாய்’ என்பார்கள். குதிரையும் அதில் ஏறியவனும் ஓருடலாக இருப்பது என்று பொருள். அந்த எண்ணம் கைக்குத் தட்டுப்படும் இடங்களில் முதலாவது இந்த லிவர். முன்சில்லு ஓட்டக் கார்களில் போல நடுவில் கேபிள் கிடையாது, கம்பி இணைப்புகள் கிடையாது. லிவரின் அடி நுனி நேராகக் கியர்பெட்டியின் வால்பகுதிக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் தண்டையே பிடித்து அசைக்கிறது. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குக் கை நகர வேண்டியது ஐந்து சென்ரிமீற்றர் அளவுதான். மணிக்கட்டைத் திருப்பினால் போதும். அதற்காகத்தான் இந்தக் காரை வாங்கினேன். அந்தச் சுகம் போய்விட்டால் மிச்சம் இருப்பது இரண்டு பேர் மட்டும் போகக்கூடிய, மழை ஒழுகும் ஒரு பழைய கார்.

ஒக்ரோபர் கடைசியில் ஒருநாள் மாமாவை ஏற்றிக்கொண்டு வந்தேன். மாமா யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 எல்லாம் அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கார்களைத் திருத்திக் கொடுத்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினவர். பாதி வழியில் என் கையை எடுக்கச் சொல்லிவிட்டுத் தன் கையை லிவரில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“தம்பி, உது கியர்பொக்ஸ் போன சத்தமில்லை. ஆட்டம் மேல தெரியுது, பிழை கீழ கிடக்கு. அடியில இருக்கிற குண்டைப் பிடிக்கிற சாமான் தேஞ்சிருக்கும்.”

“பார்க்காமலே எப்பிடி மாமா சொல்லுறியள்?”

“மொரிஸ் மைனரிலயும் உந்தக் குண்டுதான். அது சத்தம் போடாமல் இருக்கிறதுக்கு ஒரு ஸ்பிரிங் வச்சிருப்பான். ஸ்பிரிங் தளர்ந்தால் உதே பாட்டுத்தான் பாடும்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று பிறகு தெரிந்தது. ஆனால் நான் குளிர்காலம் முழுக்க வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பழைய சொந்தக்காரர் பழைய தோல் குமிழை எடுத்துவிட்டு, கனமான இரும்புக் குமிழ் ஒன்றைப் போட்டிருந்தார். கனத்த குமிழ் கியர் விழும்போது வரும் கரடுமுரடைக் கைக்குத் தெரியாமல் மறைக்கும். தளர்ந்த லிவரின் உச்சியில் அந்தப் பாரம் இருந்தால் ஊஞ்சல்போல ஆட்டத்தைக் கூட்டியும் விடும். அதைக் கழற்றி, மஸ்டாவின் பழைய குமிழ் ஒன்றைத் தேடிப் போட்டேன். சத்தத்தின் சுருதி மாறியது, ஆட்டம் அப்படியே இருந்தது. பிறகு எஞ்சின் தாங்கு றப்பர்களைச் சந்தேகித்தேன். அவை தளர்ந்திருந்தால் அக்சிலறேற்றரை அழுத்தும்போதும் விடும்போதும் எஞ்சினோடு சேர்ந்து லிவரும் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும். என் காரில் அப்படி இல்லை. எஞ்சினை நிறுத்திவைத்துக் கையால் அசைத்தாலும் அதே ஆட்டம். ஆகவே பிழை லிவருக்குள்தான். இந்தப் பரிசோதனையை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

வேலைக்கு முன் அளந்து எழுதிவைத்தேன். மூன்றாம் கியரில் போட்டுவிட்டு, ஓர் அடிமட்டத்தைக் குமிழுக்குக் குறுக்கே பிடித்தேன். இடமிருந்து வலமாக மொத்தம் 30 மில்லிமீற்றர் ஆட்டம். லிவரைப் பிடித்து இழுத்தால் மேல்நோக்கியும் கொஞ்சம் எழும்பியது. மேலும் கீழுமாக ஓர் ஆட்டம் இருக்கவே கூடாது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். லிவரைக் கீழே அழுத்திப் பிடிக்கும் அலை வோஷர் என்ற வளையம் தளர்ந்ததைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி அது.

காருக்குக் கீழே போக வேண்டியதில்லை. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த விசயம் அதுதான். மார்ச் மாதத்தில் சீமெந்துத் தரையில் முதுகைப் போட்டுப் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சில்லுகளுக்கு மரக்கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, லிவரை நியூட்ரலில் விட்டேன். குமிழைத் திருகிக் கழற்றினேன். பிறகு இரண்டு இருக்கைகளுக்கும் இடையில் இருக்கும் நடுப்பெட்டி. அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் சிலது கால்வைக்கும் பக்கத்திலும் சிலது பெட்டிக்குள்ளேயும் ஒளிந்திருக்கும். ஒன்றைத் தவறவிட்டு இழுத்தால் முப்பது வருசப் பிளாஸ்ரிக் கீறிவிடும். மறித்தால் இழுக்க வேண்டாம், தேடுங்கள். பெட்டியைத் தூக்கும்போது ஜன்னல் சுவிட்சின் வயர் கூடவே வரும், அதன் சொக்கெற்றை முதலில் பிரிக்க வேண்டும்.

பெட்டி போன பிறகு தெரிவது ஓர் அகன்ற றப்பர் உறை. நான்கு 10 மில்லிமீற்றர் போல்ட். அதை எடுத்ததுமே எரிந்த ஒயில் மணம் முகத்தில் அடித்தது. மேல் உறையில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். கோடையில் நடுப்பெட்டி ஏன் அப்படிச் சுட்டது, கியர்பெட்டியின் இரைச்சல் ஏன் அவ்வளவு உள்ளே வந்தது என்று விளங்கியது. அதற்கு அடியில், கியர்பெட்டியின் கழுத்தைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டிய சின்ன உறை பேருக்குத்தான் மிஞ்சியிருந்தது. விளிம்பு வட்டமாகப் பிய்ந்து, லிவரில் வளையல்போலத் தொங்கியது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் துப்புரவாக்கினேன். அவசரப்படுபவர்கள் பிழை விடுவது இங்கேதான். அந்தக் குழிக்குள் முப்பது வருச மணலும் தூசியும் ஒயிலில் குழைந்து கிடந்தன. லிவரை இழுத்த கையோடு அதெல்லாம் கியர்பெட்டிக்குள் விழும். தூசியை உறிஞ்சியெடுத்து, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை துடைத்தேன். பிறகு லிவரின் முன்பக்கத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டினேன். லிவர் இயல்பிலேயே வளைந்த வடிவம், திரும்பப் போடும்போது எது முன், எது பின் என்று நினைவில் நிற்காது.

கடைசியாக மூன்று போல்ட், அவையும் 10 மில்லிமீற்றர்தான். கழற்றி, லிவரை நேராக மேலே இழுத்தேன். வந்தது.

லிவரின் நுனியில் ஒரு சின்ன உலோகக் குண்டு. அதன்மேல் தொப்பிபோல ஒரு நைலான் கிண்ணம் இருக்க வேண்டும். இருந்தது பாதிக் கிண்ணம். தேன் நிறத்துக்குக் காய்ந்துபோய், விரல் பட்டதும் ஒரு சிறு துண்டு கழன்றது. குண்டு இத்தனை நாளும் இரும்பில் இரும்பாக உரசி ஓடியிருக்கிறது. நடுவில் உள்ள பெரிய கோளத்தின் மேல் உட்காரும் அலை வோஷர் தட்டையாகிக் கிடந்தது. அது அலையலையாக வளைந்திருந்தால்தான் ஸ்பிரிங்போலக் கோளத்தைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். மாமாவின் மொரிஸ் மைனரில் சுருள் ஸ்பிரிங் செய்த வேலையை இங்கே இந்த ஒற்றை வளையம் செய்கிறது.

லிவர் அந்தப் பெரிய கோளத்தைச் சுற்றித்தான் திரும்புகிறது. கோளத்துக்குக் கீழே உள்ள நீளம் சிறிது, மேலே உள்ள நீளம் அதைப்போலப் பல மடங்கு. கீழே நைலான் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால் மேலே குமிழில் அது நாலைந்து மில்லிமீற்றராகப் பெருகித் தெரியும். கிண்ணம் உடைந்தேவிட்டால் என் 30 மில்லிமீற்றருக்குக் கணக்குச் சரி. நொறுங்கிப்போனது இரண்டு சதம் பெறுமதியான பொருளாக இருக்கலாம், ஆனால் முழுக் காரின் குணமும் அதற்குள் இருந்தது.

பிறகு குழிக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். அதைப் பார்த்தபோதுதான் மனம் நொந்தது.

இந்தக் கழுத்துக்குள் தனியாக ஒயில் இருக்க வேண்டும். கியர்பெட்டியின் பிரதான ஒயில் இங்கே வராது. இது தனிக் கிணறு. வருசக்கணக்கில் மெல்ல மெல்லக் கியர்பெட்டிக்குள் கசிந்து வற்றும். கியர்பெட்டி ஒயிலை ஒழுங்காக மாற்றுபவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். என் காரில் கிணறு வற்றியது தெரிந்த யாரோ ஒருவர் அதற்குள் கிறீஸை அள்ளி அடைத்திருந்தார். சில்லுக்குப் போடும் கறுத்த கிறீஸ். நல்ல எண்ணத்தோடு செய்திருக்கலாம், ஆனால் பிழையான வேலை. குண்டு ஒரு முறை அசைந்ததும் கிறீஸ் இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடும். ஒதுங்கிய கிறீஸ் திரும்பி வராது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, அதற்குள் குண்டு காய்ந்தபடி ஓடும். ஒயில் என்றால் ஒதுங்கினாலும் ஓடிவந்து மூடும். போதாததற்கு, சுழியத்துக்குக் கிட்டக் குளிரும் காலை வேளையில் அந்தக் கிறீஸ் மெழுகுபோல இறுகிப்போகும். ஏப்ரல் காலைகளில் முதல் பத்து நிமிசம் லிவர் களிக்குள் கரண்டி கிண்டுவதுபோல நகர்ந்ததன் இரகசியம் இதுதான்.

கிறீஸை அள்ளி எடுக்க அரை நாள் போனது. ஐஸ்கிறீம் குச்சி, பஞ்சு சுற்றிய கம்பி, நுனியில் குழாய் மாட்டிய பெரிய ஊசிமருந்துக் குழல். எடுத்த கிறீஸையெல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் தடவிப் பரப்பினேன், உடைந்த நைலான் சில்லுகள் அதற்குள் இருந்தால் தெரிய வேண்டும் என்று. ஆறு சில்லு அகப்பட்டது. புதுக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து, உடைந்த சட்டியை ஒட்டுவதுபோலச் சில்லுகளை அடுக்கிப் பார்த்தேன். விளிம்பில் ஒரு துண்டு இல்லை.

அந்த ஒரு துண்டுக்காக நாற்பது நிமிசம். நைலானுக்குக் காந்தம் உதவாது. ரோர்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் வைத்துத் தேடினேன். கடைசியில் அது லிவரின் நுனி உட்காரும் தண்டின் குழிக்குள்ளேயே அப்பிக்கொண்டிருந்தது. நீண்ட மூக்குள்ள இடுக்கியால் எடுத்தேன். ‘ஒரு சில்லுதானே’ என்று விட்டிருந்தால் புதுக் கிண்ணம் அதன்மேல் உட்கார்ந்து முதல் நாளே பிளந்திருக்கும். துண்டுகளை எண்ணிச் சரிபார்க்காமல் மூடாதீர்கள். இந்தப் பதிவில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

வாங்கிய சாமான் நான்கு: நைலான் கிண்ணம், அலை வோஷர், சின்ன உறை, பெரிய உறை. இந்த மாடலுக்கு இவை எல்லாம் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. 2017இல் மஸ்டாவே முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்து, நின்றுபோன சில பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. இந்த வயதுக் காருக்கு அது பெரிய ஆறுதல். பித்தளையில் கடைந்த கிண்ணமும் விற்கிறார்கள், நான் வாங்கவில்லை. பித்தளை நீண்டகாலம் உழைக்கும், உண்மை. ஆனால் தண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் தேய வேண்டியது மலிவான சாமான்தான். கிண்ணத்தைப் பத்து நிமிசத்தில் மாற்றலாம், தண்டை மாற்றக் கியர்பெட்டியை இறக்க வேண்டும். வீச்சைக் குறைக்கும் குட்டை லிவர் வாங்கச் சொல்லியும் ஆலோசனை வந்தது. இந்தக் காருக்கு அது தேவையில்லை என்பதே என் முடிவு. தேய்ந்த கிண்ணத்தோடு குட்டை லிவர் போடுவது, கால் ஆடும் கதிரைக்குப் புது மெத்தை போடுவதுதான்.

மாமா சனிக்கிழமை வந்து நின்றார். புதுக் கிண்ணத்தைக் கையில் வாங்கி விரலால் உருட்டினார்.

“எங்கட காலத்தில உது கிடையாது. பாட்டாச் செருப்பின்ர அடியை வெட்டி, சூடு காட்டி, குண்டுக்கு அளவா அமத்தி எடுப்பம். ஆறு மாசம் ஓடும்.”

“பிறகு?”

“பிறகென்ன, மற்றக் கால் செருப்பு.”

கிண்ணத்தைக் குண்டில் அழுத்தினேன், ‘டக்’ என்று உட்கார்ந்தது. சின்ன உறையை லிவரில் ஏற்றுவது மட்டும் மல்லுக்கட்டாக இருந்தது. குளிரில் றப்பர் விறைத்திருந்தது. மாமா சுடுதண்ணீர் கேட்டு, அதற்குள் இரண்டு நிமிசம் போட்டு எடுத்துத் தந்தார். துடைத்து, உள் விளிம்பில் ஒயில் தடவியதும் வழுக்கிக்கொண்டு ஏறியது.

ஒயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம். மஸ்டாவின் கையேடு ஜிஎல்-5ஐயும் அனுமதிக்கிறது. ஆனால் ஜிஎல்-5இன் சேர்மானங்கள் பித்தளைக்கு அவ்வளவு நல்லதில்லை என்பார்கள், கியர்பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருப்பதால் நான் ஜிஎல்-4ஐத்தான் விரும்புகிறேன். கழுத்துக் கிணற்றுக்குப் போவது சுமார் 90 மில்லிலீற்றர். நான் ஊசிக்குழலால் அளந்துதான் ஊற்றினேன். ஆனாலும் அடியில் கழுவ ஊற்றிய ஒயில் கொஞ்சம் மிஞ்சியிருந்ததை யோசிக்கவில்லை. லிவரை இறக்கியதும் மட்டம் உயர்ந்து வழிந்து, கம்பளம்வரை போனது. ஜிஎல்-4 ஒயிலின் கந்தக மணம் கம்பளத்தை விட்டுப் போக மூன்று வாரம் எடுத்தது. குழியைச் சுற்றித் துணியை அடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

மூன்று போல்டையும் கையால் திருகி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் ஏறக்குறைய 9 நியூட்டன் மீற்றர் போதும். கியர்பெட்டியின் உடல் அலுமினியம். பலத்தைக் காட்டினால் புரி உரிந்து வரும். நான் இறுக்கி முடித்த பிறகு மாமா எட்டிப் பார்த்து, “உறை ஒரு பக்கம் முறுகி நிக்குது” என்றார். சின்ன உறையின் உதடு ஒரு மூலையில் மடிந்திருந்தது. சின்ன விசயம், வெளியே தெரியப்போவதில்லை, ஆனால் அந்த மடிப்பு வழியாகத்தான் அடுத்த கிழிசல் தொடங்கும். திரும்பக் கழற்றி, நேராக்கி, மறுபடி இறுக்கினேன். நடுப்பெட்டியைப் போட முன் எல்லாக் கியரிலும், ரிவேர்ஸ் உட்பட, லிவரைப் போட்டுப் பார்த்தேன்.

அடிமட்டம் வைத்து அளந்தேன். மூன்றாம் கியரில் 8 மில்லிமீற்றர். மேலும் கீழும் அசைவே இல்லை.

ஓட விட்டது ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு. கிங்ஸ்ரன் வீதியில் ஏறி, இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளியபோது, நன்றாக எண்ணெய் போட்ட பழைய பூட்டில் திறப்பைத் திருப்பும்போது வரும் அந்தச் சின்னத் தட்டு விரலுக்கு வந்தது. எந்தக் கியரில் இருக்கிறேன் என்று கைக்குத் தெரிந்தது. 3000 தாண்டியது, 4000 தாண்டியது. பேணிச் சத்தம் இல்லை. எஞ்சினின் சத்தம் மட்டும். வீதி விளக்கில் நின்றபோது மாமா கேட்காமலே கையை நீட்டி லிவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த மாதமே கியர்பெட்டியின் பிரதான ஒயிலையும் மாற்றினேன், 2 லீற்றர். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. வடிக்கும் போல்டைத் தொட முன் நிரப்பும் போல்ட் கழருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு நடுப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்று போல்டும் அசையவில்லை, உறையைச் சுற்றி ஈரம் இல்லை.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. காரை நிறுத்திவைத்து முதலாம் கியரோ ரிவேர்ஸோ போட்டால் சிலவேளை மறுக்கிறது. கிளச்சை இரண்டு முறை மிதித்தால் விழுகிறது. லிவர் தளர்ந்திருந்தபோது இதையும் அதன் தலையில்தான் போட்டிருந்தேன். இப்போது லிவர் இறுக்கமாக இருப்பதால் இது வேறு நோய் என்று தெளிவாகத் தெரிகிறது. கிளச் முழுதாக விடவில்லை. கால் மிதியின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கிக் கிளச்சை விலக்குவது ஸ்லேவ் சிலிண்டர். இந்தக் கார்களில் அது ஒழுகுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. நேற்றுக் காரைத் தாங்கியில் ஏற்றி, அதன் றப்பர் மூடியை விரலால் விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரம். சிலிண்டருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், வந்ததும் மாமாவைக் கூப்பிட வேண்டும். கிளச் மிதிப்பதற்கு ஓராள் வேண்டும்.